பாதியில் மாறிய முகம்: ஃபேண்டஸி நாவல்களின் அட்டையைத் தீர்மானிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில ஃபேண்டஸி நாவல்களை இந்தியாவில் அச்சிட்டு விற்கும் பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவுக்கும் அட்டை வடிவமைப்புப் பிரிவுக்கும்,

ஏழு தொகுதிகள் கொண்ட ஒரு நாவல் வரிசையின் முதல் நான்கு தொகுதிகளை ஓவிய அட்டையோடு விற்றீர்கள். ஐந்தாவதைத் தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகனுடைய புகைப்படத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள். பழைய அட்டையில் ஐந்தாவது வராது, முதல் நான்கும் தீர்ந்துவிட்டால் மறு அச்சு புதிய அட்டையில்தான் என்று உங்கள் விநியோகஸ்தர் கைவிரித்துவிட்டார். உங்களுக்கு எழுதிக் கேட்டேன். 'புத்துணர்ச்சியான புதிய தோற்றத்தை' அறிமுகப்படுத்துவதில் மகிழ்ச்சி அடைவதாக ஒரு வரி பதில் வந்தது. மகிழ்ச்சி உங்களுக்கு, பணம் கட்டியவர்கள் நாங்கள். அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு வாடகை நூலகம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். ஆங்கில ஃபேண்டஸிக்கென்று தனியாக ஓர் அலமாரி உண்டு. மற்ற அலமாரிகளைவிட அதற்குத்தான் கூட்டம். அந்த அலமாரியில் உங்கள் நான்கு தொகுதிகளும் வரிசையாக நிற்கின்றன. நான்கின் முதுகுகளையும் ஒட்டி வைத்தால் ஒரே மலைத்தொடர் தெரியும். முதல் தொகுதியில் அடிவாரத்துக் காடு, இரண்டாவதில் ஒரு பாலம், மூன்றாவதில் பனி தொடங்குகிறது, நான்காவதின் வலது ஓரத்தில் ஒரு கோட்டையின் பாதி மட்டும் எட்டிப் பார்க்கிறது. மீதிக் கோட்டை ஐந்தாவதின் முதுகில் வர வேண்டும். வந்ததோ கறுப்புப் பட்டையும் வெள்ளி எழுத்தும். அதுவும் மற்ற நான்கைவிட அரை அங்குலம் குட்டை. கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதம் முடித்து ரசத்துக்குக் காத்திருப்பவனின் இலையை எடுத்துவிட்டுத் தட்டு நீட்டிய மாதிரி இருக்கிறது.

முன்னட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கதையில் நாயகனுக்குப் பதினாறு வயது. அட்டையில் இருப்பவருக்கு அடர்ந்த தாடி. கதையில் அவன் வில்லாளி, வாளைத் தொடவே அஞ்சுகிறவன். அட்டையில் இரண்டு கைகளாலும் வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். மேல் மூலையில் சிவப்பு வட்டம் ஒன்று, 'இப்போது தொலைக்காட்சித் தொடராக' என்கிறது. பார்த்தால் ஸ்டிக்கர் போலத்தான் இருக்கும். நகத்தால் சுரண்டிய பிள்ளைகளுக்குத்தான் தெரியும், அது உரியாது. அட்டையோடு சேர்த்து அச்சிடப்பட்டது. என்னிடம் உள்ள பிரதியில் அந்த இடத்தில் நகக்கீறல்கள் விழுந்துவிட்டன.

உள்ளே இருக்கும் கதை மாறவில்லையே, அட்டைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். மலிவுப் பதிப்பு என்றால் சில குறைகள் இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சிட்டு, லண்டன் விலையில் பாதிக்கும் குறைவாகத் தருகிறீர்கள். அதற்காகத் தாள் மெலிந்தாலும், பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரிந்தாலும் நாங்கள் முணுமுணுத்ததில்லை. செலவுக்காக அட்டையில் கை வைத்த முதல் பதிப்பகம் நீங்களும் இல்லை. 1937-ல் 'ஹாபிட்' நாவல் வெளியானபோது அதன் மேலுறையை ஆசிரியர் டோல்கீனே வரைந்து கொடுத்தார். சூரியனுக்கும் டிராகனுக்கும் சிவப்பு வேண்டும் என்று கேட்டார். ஒரு நிறம் கூடினால் செலவு கூடும் என்று அதை வெளியிட்ட ஆலன் அண்ட் அன்வின் நிறுவனம் சிவப்பை வெட்டிவிட்டது. பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை மட்டும் மிஞ்சின.

ஆனால் வெட்டியது நிறத்தை மட்டும்தான். அந்த மேலுறையின் ஓரத்தைச் சுற்றி ரூன் எழுத்துகள், அதாவது பழங்கால வட ஐரோப்பிய எழுத்துகள், ஓடும். வெறும் அலங்காரம் என்று பலர் நினைப்பார்கள். உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தால், இது கதாநாயகன் பில்போ பேகின்ஸின் ஓராண்டுப் பயணக் குறிப்பு, அவருடைய நினைவுக் குறிப்புகளிலிருந்து டோல்கீன் தொகுத்தது, வெளியிட்டவர்கள் ஆலன் அண்ட் அன்வின் என்று இருக்கும். பதிப்பகத்தின் பெயர்கூடக் கதைக்குள் நுழைந்துவிட்டது. நூலகத்தில் ஒரு பையன் கதைக்குள் இருக்கும் வரைபடத்தையும் மேலுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மாலை முழுக்க அந்த எழுத்துகளை நோட்டில் பெயர்த்து எழுதினான். கதையைத் திறக்கும் முன்பே கதைக்குள் போய்விட்டான். உங்கள் வெள்ளி எழுத்தில் எந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு மாலை கிடைக்கும்?

அதே நாவலுக்கு நேர்ந்த இன்னொரு அட்டையையும் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1965-ல் அமெரிக்காவில் பேலன்டைன் நிறுவனம் டோல்கீனின் நூல்களை அவசர அவசரமாகப் பேப்பர்பேக்கில் கொண்டுவந்தது. அனுமதியில்லாத பதிப்பு ஒன்று ஏற்கெனவே சந்தையில் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த அவசரம். அட்டை வரையும் வேலை பார்பரா ரெமிங்டனுக்குப் போனது. கதையைப் படிக்க அவருக்கு அவகாசமே தரப்படவில்லை. 'ஹாபிட்' அட்டையில் ஒரு சிங்கம் வந்தது. ஈமு கோழிகள் வந்தன. முன்னால் இளஞ்சிவப்புக் குமிழ்கள் தொங்கும் ஒரு மரம் வந்தது. இவற்றுக்கும் கதைக்கும் என்ன தொடர்பு என்று டோல்கீன் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். பிந்தைய அச்சுகளில் சிங்கம் மட்டும் காணாமல் போயிற்று. ரெமிங்டனை நான் குறை சொல்ல மாட்டேன். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று தொகுதிகளுக்கும் அவர் வரைந்த அட்டைகளை ஒட்டி வைத்தால் ஒரே நீண்ட ஓவியம். கைத்திறனில் குறையே இல்லை. கையெழுத்துப் பிரதியைக் கையில் கொடுக்காமல் கெடு மட்டும் கொடுத்தவர்கள்தான் குற்றவாளிகள். அறுபது வருடம் கழித்தும் உங்கள் துறையில் அதே பழக்கம் தொடர்கிறது.

படித்துவிட்டுத் தவறு செய்த ஓர் ஓவியரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டெர்ரி பிராட்சட்டின் 'த கலர் ஆஃப் மேஜிக்' நாவலில் டூஃப்ளவர் என்றொரு சுற்றுலாப் பயணி வருகிறார். மூக்குக் கண்ணாடியை அறியாத ஊர் அது. அவருக்கு நான்கு கண்கள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஓவியர் ஜோஷ் கிர்பி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பேப்பர்பேக் அட்டையில் டூஃப்ளவருக்கு நிஜமாகவே நான்கு கண்கள் வரைந்துவிட்டார். எங்கள் நூலகத்தில் அந்த அட்டைக்கு ஒரு ரசிகர் பட்டாளமே இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளிடம் பழைய பிள்ளைகள் அதைக் காட்டி, ஏன் நான்கு கண் என்று கண்டுபிடி பார்க்கலாம் என்று சவால் விடுவார்கள். விடை கதைக்குள் இருக்கிறது. படித்துத்தான் ஆக வேண்டும். படித்தவரிடமிருந்து பிறந்த தவறு, வாசகரைத் திரும்பவும் கதைக்குத்தான் அனுப்புகிறது. சிங்கமும் தாடியும் எங்கே அனுப்பும்?

கிர்பி 2001-ல் இறந்தார். அவருக்குப் பின் அட்டை வரைய வந்த பால் கிட்பி, பிராட்சட்டின் 'நைட் வாட்ச்' நாவலுக்கு, ரெம்பிராண்டின் அதே பெயருள்ள புகழ்பெற்ற ஓவியத்தை நையாண்டியாகத் திருப்பி வரைந்தார். அசல் ஓவியத்தில் கூட்டத்துக்குப் பின்னால் ரெம்பிராண்ட் தன் முகத்தை வைத்ததாகச் சொல்லப்படும் இடத்தில் கிட்பி கிர்பியின் முகத்தை வைத்தார். ஒரு நாவல் வரிசைக்கு ஓவியர் மாறுவது இயல்பு. எப்படி மாற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் உங்களுக்குத் தேவையில்லை.

இப்போது என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968-ல் வந்தது. அதன் நாயகன் கெட் செம்புப் பழுப்பு நிறத்தவன். அவனுடைய நண்பன் வெட்ச் கறுப்பு நிறத்தவன். கதை நடக்கும் தீவுக்கூட்டத்து மக்கள் பெரும்பாலும் மாநிறமோ கறுப்போதான். வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் கொண்டவர்கள் கார்க் இனத்தார். முதல் அத்தியாயத்திலேயே கெட்டின் கிராமத்தைக் கொள்ளையடிக்க வருகிறவர்கள் அவர்கள்தான். சிறுவன் கெட் மூடுபனியை வரவழைத்து அவர்களைத் திணறடிக்கிறான். லெ குவின் இதை யோசித்துத் திட்டமிட்டு எழுதினார். முதல் பதிப்புக்கு ரூத் ராபின்ஸ் வரைந்த கெட் அந்த நிறத்தில்தான் இருந்தான். அதன் பிறகு வந்த எத்தனையோ அட்டைகளில் அவன் வெளுத்துப் போனான். ஒவ்வொரு முறையும் அட்டைப் பிரிவோடு மல்லுக்கு நின்றதை லெ குவினே எழுதியிருக்கிறார். 2004-ல் தொலைக்காட்சிக் குறுந்தொடராக எடுத்தபோதும் கெட்டாக ஒரு வெள்ளை நடிகர்தான் வந்தார். அதைக் கண்டித்து 'ஸ்லேட்' இணைய இதழில் லெ குவின் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

எங்கள் நூலகத்தில் இந்த நாவலின் இரண்டு பதிப்புகள் இருந்தன. ஒன்றில் அட்டையில் ஆளே இல்லை. கடலும் ஒரு படகும் மட்டும். மற்றொன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அதில் பால்போல் வெளுத்த ஓர் இளைஞன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டாவதை எடுத்துப் போனவள், மறுநாளே திரும்பி வந்து முதல் அத்தியாயத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "கொள்ளைக்காரர்கள்தான் வெள்ளை என்று இங்கே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் அட்டையில் இருப்பவன் கொள்ளைக்காரனா?" அவள் நல்ல கறுப்பு. நாயகன் தன் நிறத்தவன் என்று படித்துத் தெரிந்துகொண்ட மகிழ்ச்சியை அந்த அட்டை பாதியாக்கிவிட்டது. படகு அட்டையைக் கொடுத்தனுப்பினேன். இளைஞன் அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2010-ல் 'மேஜிக் அண்டர் கிளாஸ்' என்ற ஃபேண்டஸி நாவலில், கறுத்த நிறமுள்ள நாயகிக்கு அட்டையில் வெள்ளைப் பெண்ணின் புகைப்படத்தைப் போட்டார்கள். வாசகர்கள் எழுப்பிய எதிர்ப்பில் அந்த அட்டையைத் திரும்பப் பெற்றுப் புதிய அட்டை போட வேண்டியதாயிற்று. ஆக, வெளியான அட்டையை மாற்ற முடியாது என்று எந்தப் பதிப்பகமும் சொல்ல முடியாது. மாற்றியிருக்கிறார்கள். எர்த்ஸீயின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2018-ல் முழுத் தொகுப்பு வந்தபோது, ஓவியர் சார்ல்ஸ் வெஸ் ஆண்டுக்கணக்கில் லெ குவினோடு கடிதப் போக்குவரத்து வைத்து, கேட்டுக் கேட்டு வரைந்தார். அதில் கெட் செம்பு நிறத்தில் இருக்கிறான். தொகுப்பு வெளிவரும் முன் அந்த ஆண்டு ஜனவரியிலேயே லெ குவின் இறந்துவிட்டார். ஆசிரியரிடம் கேட்டு வரைய நேரம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்தத் தொகுப்பு சாட்சி.

வரிசையின் நடுவில் அட்டையை மாற்றுவது வியாபாரத்தில் தவிர்க்க முடியாதது என்பீர்கள். 'வீல் ஆஃப் டைம்' வரிசையைப் பாருங்கள். 1990-ல் தொடங்கிப் பதினான்காம் தொகுதியோடு 2013-ல் முடிந்தது. நடுவில் 2007-ல் ஆசிரியர் ராபர்ட் ஜோர்டனே இறந்தார். பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். கடைசித் தொகுதிக்கு முன் 2011-ல் அட்டை ஓவியர் டாரெல் ஸ்வீட்டும் இறந்தார். மைக்கேல் வீலன் அந்த அட்டையை வரைந்தார். அமெரிக்கக் கெட்டி அட்டைப் பதிப்பில் முதலிலிருந்து கடைசிவரை ஓவிய அட்டைதான். ஸ்வீட்டின் படங்களில் குறை காணாத வாசகரே இல்லை. எனக்கும் அவருடைய மனிதர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் போலத்தான் தெரிவார்கள். அது வேறு விஷயம். எழுதியவரும் வரைந்தவரும் போன பிறகும் வாங்கியவருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றினார்கள். உங்கள் வரிசையில் எழுதியவர் நலமாக இருக்கிறார், வரைந்தவரும் இருக்கிறார், கதையும் முடிந்துவிட்டது. ஏழு தொகுதிகளுக்கு ஒரே அட்டை வரிசை தர உங்களுக்கு என்ன தடை?

வரைந்தவர் இருக்கிறார் என்றேன். அவர் பெயரைத் தேடிப் பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பின்னட்டையில் இல்லை. உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில், அச்சக முகவரிக்கும் தாள் குறித்த அறிவிப்புக்கும் நடுவில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில் இருக்கிறது. ஐந்தாவது தொகுதியில் அதுவும் இல்லை. தொலைக்காட்சி நிறுவனத்தின் உரிமைக் குறிப்பு மட்டும் இருக்கிறது. எங்கள் ஊர் வாசகர்களுக்கு இது விளங்காது. கல்கி இதழில் 1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது படம் வரைந்தவர் மணியம். அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகளில் கல்கியின் பெயரைச் சொல்லும் வாய் மணியத்தின் பெயரையும் சொல்லும். குந்தவையின் கொண்டை எப்படி இருக்கும் என்று கேட்டால் இன்றும் பலர் மணியத்தின் படத்தைத்தான் நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள்.

பெயர் போடாத வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023-ல் சாரா ஜே. மாஸின் நாவல் ஒன்று இங்கிலாந்தில் பேப்பர்பேக்காக வந்தது. அதன் அட்டையில் இருந்த ஓநாய், ஸ்டாக் படங்கள், அதாவது யாரும் விலைக்கு வாங்கிப் பயன்படுத்தும் ஆயத்தப் படங்கள், விற்கும் தளத்தில் வாங்கிய செயற்கை நுண்ணறிவுப் படம் என்று வாசகர்கள்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பதிப்பகத்துக்கே தெரியவில்லையாம். ஓவியரோடு பேசி வாங்கியிருந்தால் தெரியாமல் போயிருக்குமா?

சரி, நான் கேட்பது இவைதான்.

ஐந்து, ஆறு, ஏழு தொகுதிகளைப் பழைய ஓவிய அட்டையில், பழைய உயரத்தில் அச்சிடுங்கள். குறைந்த பிரதிகளாக இருந்தாலும் போதும். முன்பதிவுக்கு அழைப்பு விடுங்கள், எங்கள் ஊரிலிருந்து நானே பட்டியல் சேர்த்து அனுப்புகிறேன். அதுவும் முடியாது என்றால் மூன்று தொகுதிகளுக்கும் மேலுறையை மட்டுமாவது அச்சிட்டு விலைக்குக் கொடுங்கள். முதுகில் மீதிக் கோட்டை இருக்க வேண்டும். பழைய நான்கின் உயரத்துக்கு அளவெடுத்து வெட்டியிருக்க வேண்டும்.

தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களுக்குத் தனி அட்டை போடுவதை நான் எதிர்க்கவில்லை. அவர்களில் சிலர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் எங்கள் நூலகத்துக்குள் முதல்முறையாக வந்தார்கள். அந்த அட்டை கூடுதலாக இருக்கட்டும். பழையதை விரட்டிவிட்டு அதன் இடத்தில் உட்கார வேண்டாம். சிவப்பு வட்டத்தை நிஜமான ஸ்டிக்கராக ஒட்டுங்கள். வேண்டாதவர்கள் உரித்துக்கொள்வார்கள்.

இனி எந்த நாவல் வரிசைக்கும் முதல் தொகுதியை விற்கும்போதே, இந்த அட்டை வரிசை கடைசித் தொகுதிவரை கிடைக்கும் என்ற உறுதியை எழுத்தில் கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால் அதையும் எழுதுங்கள்; முழு வரிசையும் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறோம்.

அட்டை வரைபவருக்குக் கதையையும் படிக்க நேரத்தையும் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன், நாயகனின் நிறமும் வயதும் கையில் இருக்கும் ஆயுதமும் கதையோடு ஒத்துப்போகின்றனவா என்று கதையைப் படித்த ஒருவர் சரிபார்க்கட்டும். ஓவியரின் பெயரைப் பின்னட்டையில், விலைக்குப் பக்கத்தில், விலை அச்சிடும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். படத்தில் செயற்கை நுண்ணறிவு கலந்திருந்தால் அதையும் அதே இடத்தில் சொல்லுங்கள்.

உங்கள் விநியோகஸ்தரின் பட்டியலில் ஆறாவது தொகுதி 'அச்சில்' என்று இருக்கிறது. அச்சு இயந்திரம் ஓடும் முன் பதில் வேண்டும். இந்த முறை ஒரு வரி போதாது. எந்தத் தொகுதி, எந்த அட்டை, எந்த மாதம் என்று விவரமாக எழுதுங்கள். நூலகத்தின் பலகையில் ஒட்டி வைக்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் நேரடியாகப் படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நான்கு தொகுதிகளையும் இன்னும் அலமாரியில் வைத்திருக்கும்
திருச்சி நூலகர்